கணேசபாண்டியனிடம் இல்லாத புரதம்

செம்பூரில் ரயில் தண்டவாளத்துக்குச் சற்றுத் தள்ளி, உயரமான மதிலுக்குப் பின்னால், துணைப்புரத உயராய்வு நிறுவனம் என்று ஒன்று இருக்கிறது. அங்கே என்ன நடக்கிறது என்று கேட்டால் வாட்ச்மேனிலிருந்து டைரக்டர் வரை எல்லோரும் "ஆராய்ச்சி" என்றுதான் சொல்வார்கள். அதற்கு மேல் கேட்டால் வாட்ச்மேன் தெரியாது என்பார். டைரக்டர் ஒரு மணி நேரம் பேசுவார். கேட்டவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

நிறுவனத்தின் வேலையை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். உடம்பின் செல்லுக்குள்ளே சில மூலக்கூறுகள் உண்டு. அவற்றுக்குத் தனியாக நின்று ஒரு காரியம் பார்க்க வராது. பக்கத்தில் இன்னொரு புரதம் நின்று தாங்கிப் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடிக்கிற புரதத்துக்குத் துணைப்புரதம் என்று பெயர். துணை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதைத்தான் அந்த ஏழு மாடிக் கட்டடத்தில் வருஷக்கணக்காக ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். துணைமேல் இருந்த அந்தப் பற்று வாசல்வரைக்கும் வந்து, மூன்று மொழியில் பலகையாகத் தொங்கியது: பார்வையாளர் எவரும் துணையின்றி உள்ளே வரக் கூடாது.

கணேசபாண்டியன் முதல் தடவை வந்தபோது தனியாகத்தான் வந்தான். எங்கே போனாலும் அவன் அப்படித்தான் போவான். துணை எங்கே என்று வாட்ச்மேன் கேட்டார். உள்ளே இருப்பவர்கள்தான் வரச் சொன்னார்கள் என்றான் இவன். அப்படியானால் அவர்களே வந்து அழைத்துப்போக வேண்டும் என்றார் வாட்ச்மேன். போன் போட்டுச் சொல்லக் கூடாதா என்று கேட்டதற்கு, பார்வையாளர் பதிவான பிறகுதான் போன் போடலாம், துணை வந்த பிறகுதான் பதிவு செய்யலாம் என்று பொறுமையாக விளக்கினார். கெட்ட மனுஷர் இல்லை. உட்காரத் தன் ஸ்டூலையே கொடுத்தார். கணேசபாண்டியன் இரண்டு முறை இருமியதும் ஸ்டூலை மட்டும் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்ளச் சொன்னார்.

தாராவியில் அப்துல் ஹாதியின் தோல் பை தைக்கும் காரகானாவில் கணேசபாண்டியன் மெஷின்காரன். முப்பதைத் தாண்டியவன். அப்பா அம்மா இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சின்ன வயசிலிருந்தே அவனுக்கு மூக்கடைப்பு, நெஞ்சில் சளி, இருமல். கணுக்காலுக்கு மேலே ஆறாத புண் ஒன்று. வட்டாரத்து டாக்டர்கள் இரண்டு தடவை டி.பி. மருந்து கொடுத்தார்கள். சளியில் டி.பி. கிருமி ஒருநாளும் தென்பட்டதில்லை, ஆனால் இருமலைக் கேட்டால் டி.பி. மாதிரியே இருக்கிறதே, வேறென்ன செய்வது?

காரகானாவில் மத்தியானம் எல்லோரும் பேப்பரை விரித்து வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கணேசபாண்டியன் தன் டப்பாவை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறி, தோல் அடுக்கி வைத்திருக்கும் மேல்தட்டுக்குப் போய்விடுவான். போ என்று யாரும் சொன்னதில்லை. அவன் எழுந்து போகும்போது இரு என்றும் யாரும் சொன்னதில்லை. அதுதான் அவனுக்கு வலித்தது.

இப்படிப்பட்டவனுக்கு ஒரு நல்ல காலமும் வந்தது. கோவண்டியிலிருந்து பைக்குக் கைப்பிடி தைத்துக்கொண்டு வந்து கொடுக்கும் இசக்கிசெல்வி, அவன் மெஷின் பக்கத்தில் நின்று பேச ஆரம்பித்தாள். இருமினால் நகர மாட்டாள். "சுக்கு போட்டு வெந்நி குடிச்சா என்ன?" என்பாள். அவன் குடித்தான். ஒன்றும் ஆகவில்லை, ஆனாலும் குடித்துக்கொண்டே இருந்தான். பேச்சு வளர்ந்து, இசக்கிசெல்வியின் அம்மா கோமதியம்மாள் காதுக்குப் போனது.

கோமதியம்மாள் அநியாயக்காரி இல்லை. புருஷனை டி.பி.க்குப் பறிகொடுத்தவள். "பையன் குடிக்க மாட்டான், பீடி கிடையாது, கைத்தொழில் இருக்கு. எல்லாஞ் சரிதான். அந்த இருமல் தொத்துமா தொத்தாதா? அத மட்டும் ஒரு பெரிய டாக்டரு எம் முன்னால நின்னு வாயால சொல்லட்டும். அடுத்த முகூர்த்தத்துல முடிச்சிருவோம்" என்றாள். கேட்டது ஒரே ஒரு வார்த்தை.

அந்த வார்த்தைக்காகத்தான் கணேசபாண்டியன் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனான். அங்கே ஒரு லேடி டாக்டர் அவன் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, "இது நான் படிச்ச புஸ்தகத்துல ஒரே ஒரு வரி. முழுசாத் தெரிஞ்சவங்க செம்பூர்ல இருக்காங்க" என்று சொல்லி, இங்கே பேசி, அவர்கள் வரச் சொன்ன பிறகு அனுப்பினார். அனுப்பிய கையோடு அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது.

அன்றைக்கு நிறுவன வாசலில், நிழல் ஸ்டூலை விட்டு நகர்ந்து வெயில் வந்த பிறகு, ஸ்ரீலேகா என்ற ஆராய்ச்சி மாணவி தற்செயலாக வாசலுக்கு வந்து அவனைக் கண்டுபிடித்தாள். மாதுங்காக்காரி. நல்ல பெண். ரத்தம் எடுத்தார்கள். ஒரு மாதம் கழித்து முடிவைச் சொல்லும்போது அவளுக்குச் சந்தோஷத்தில் குரல் நடுங்கியது.

"உங்க உடம்புல டபாசின் இல்லை!" என்றாள்.

கணேசபாண்டியன் தப்பு செய்தவன் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டான்.

"பயப்படாதீங்கோ, சொல்றேன். செல்லுக்குள்ள என்ன நடக்கறதுன்னு வெளியில இருக்கற காவல் செல்லுக்குத் தெரியணுமோல்லியோ? அதுக்குன்னே எம்.எச்.சி.ன்னு ஒரு மூலக்கூறு இருக்கு. உள்ள இருக்கற புரதத்தோட ஒரு சின்ன துணுக்கை எடுத்துண்டு போய் வாசல்ல நின்னு காட்டும். கிருமியோட துணுக்கா இருந்தா காவல் செல் அந்தச் செல்லையே அழிச்சுடும். ஆனா அந்தத் துணுக்கு தானா வந்து உட்காராது. வளையல்காரர் என்ன பண்ணுவார்? கையைப் பிடிச்சுண்டு ஒவ்வொண்ணாப் போட்டுப் பார்ப்பார். தொளதொளன்னு இருந்தா கழட்டிடுவார். சரியான அளவு கிடைக்கற வரைக்கும் கையை விடமாட்டார். டபாசின்தான் அந்த வளையல்காரர். உங்களுக்கு அதை உண்டாக்கற ஜீன் ரெண்டு பக்கத்துலேருந்தும் பழுது. அதனால அந்த மூலக்கூறு பாவம், கைல ஒண்ணும் சரியாப் பிடிக்காம, வாசலுக்கே வராமப் போயிடறது. வந்தாலும் நிலைக்கறதில்லை."

கணேசபாண்டியனுக்கு அது புரிந்தது. கைபிடிக்க ஆளில்லாமல் உள்ளேயே தங்கிவிட்ட ஒன்றை நினைக்க அவனுக்குச் சிரமமே இல்லை. "அது தொத்துமா?" என்று மட்டும் கேட்டான்.

"சேச்சே! பிறவியிலேயே வர்றது. எப்படித் தொத்தும்?"

"அத எங்க மாமியார்கிட்ட வந்து சொல்லுவீயளா?"

ஸ்ரீலேகா அப்போதே கோமதியம்மாளுக்குப் போன் போட்டாள். மாலை முழுக்க வளையல்காரரைப் பற்றி விளக்கினாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட கோமதியம்மாள், "நீ ஊசி போடுத டாக்டராம்மா?" என்றாள். இல்லை, இன்னும் படிக்கிறேன் என்றாள் இவள். "கல்யாணம் ஆயிட்டா?" ஆகவில்லை. "அம்புட்டு நல்ல சீக்குன்னா நீயே கட்டிக்கயேன்" என்று வைத்துவிட்டாள்.

ஆனாலும் கோமதியம்மாள் தன் பங்குக்கு ஒரு முயற்சி செய்தாள். மகளைக் கூட்டிக்கொண்டு கோவண்டியிலிருந்து நேராக நிறுவனத்துக்கே வந்தாள். இரண்டு பேர் வந்தால் ஒருவருக்கு ஒருவர் துணைதானே என்று வாதாடினாள். பார்வையாளருக்குப் பார்வையாளர் துணையாக முடியாது என்று வாட்ச்மேன் சொல்லிவிட்டார். "நான் வந்தாச்சு. இனி அவிய வரட்டும்" என்று திரும்பிப் போனாள்.

இதற்குள் நிறுவனம் கணேசபாண்டியனுக்குப் பாராட்டு விழா ஏற்பாடு செய்துவிட்டது. இப்படி ஒரு ஆள் இவர்களுக்கு இதற்கு முன் கிடைத்ததே இல்லை. ஏ.சி. அரங்கத்தில் குளிரில் இருமிக்கொண்டே அவன் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு இரண்டு பக்கமும் மூன்று நாற்காலிகள் காலியாக இருந்தன. டைரக்டர் டாக்டர் பஞ்சாபகேசன் மைக்கைப் பிடித்தார்.

"நண்பர்களே, துணைப்புரதம் எவ்வளவு உயர்ந்தது என்று இத்தனை நாள் எலியைக் காட்டித்தான் நிரூபித்துக்கொண்டிருந்தோம். இன்று கடவுள் நமக்கு எலியைவிடச் சிறந்த ஒருவரை அனுப்பியிருக்கிறார். இவரது நெஞ்சில் இருக்கும் சளி சாதாரணச் சளி அல்ல. இது தேசத்தின் சொத்து. இவரைக் குணப்படுத்த நம்மிடம் மருந்து இல்லை என்று சிலர் வருத்தப்பட்டார்கள். நான் கேட்கிறேன், குணமாகிவிட்டால் நாம் யாரை ஆராய்வது? கணேசபாண்டியன் தனி மனிதர் அல்ல. அவர் பின்னால் இந்த நிறுவனமே நிற்கிறது."

எல்லோரும் கை தட்டினார்கள். சால்வையை மேடையிலிருந்து ஒரு தட்டில் வைத்து, தட்டை மேஜையில் வைத்து, எடுத்துப் போர்த்திக்கொள்ளும்படி சைகை காட்டினார்கள். அவன் தானே எடுத்துத் தானே போர்த்திக்கொண்டான். போட்டோவில் அது நன்றாகத்தான் விழுந்திருந்தது.

விழா முடிந்ததும் அவன் டைரக்டரிடம் தயங்கித் தயங்கிப் போய், "சார், நீங்க பெரிய டாக்டரு. எங்க இடத்துக்கு ஒரு தடவ வந்து, தொத்தாதுன்னு ஒரு வார்த்த சொன்னா எனக்குக் கல்யாணம் ஆயிரும்" என்றான்.

பஞ்சாபகேசன் நெகிழ்ந்துபோனார். "கட்டாயம் வர்றேன். அந்த வார்த்தையை மட்டும் குழு பார்த்துடட்டும்" என்றார்.

சொற்பரிசீலனைக் குழு கூடியது. "தொற்றாது" என்ற சொல்லை எடுத்து மேஜைமேல் வைத்துக்கொண்டு நாலு கூட்டம் நடத்தினார்கள். தொற்றாது என்று சொல்ல வேண்டுமானால், தொற்றுகிறதா என்று சோதித்திருக்க வேண்டும். சோதிக்க வேண்டுமானால், பத்துப் பேரை அவனோடு உட்கார வைத்துச் சாப்பிடச் சொல்ல வேண்டும். பிறவிக் கோளாறு எப்படித் தொற்றும் என்று ஸ்ரீலேகா எழுந்து கேட்டாள். குழுவுக்குத் தலைவர், பாதுகாப்பு அதிகாரி மாதவ். "எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். நிறுவனத்துக்குத் தெரியுமா? அதுதான் கேள்வி" என்றார். கடைசியில் ஒரு வாசகம் தேறியது. அதை ஸ்ரீலேகா வருத்தத்தோடு போனில் படித்துக் காட்ட, கணேசபாண்டியன் அப்படியே மனப்பாடம் செய்து கோமதியம்மாளிடம் ஒப்பித்தான்: "தொற்றும் தன்மை குறித்த சான்று எதுவும் இன்றைய தேதிவரை நிறுவனத்தின் கவனத்துக்குக் கொண்டுவரப்படவில்லை."

"இன்றைய தேதிவரை" என்பதைத்தான் கோமதியம்மாள் பிடித்துக்கொண்டாள். "அப்பம் நாளைக்குக் கொண்டுவருவாவளா?" என்றாள்.

இதற்கப்புறமும் டைரக்டர் வருகிறேன் என்று சொன்ன சொல்லை மறக்கவில்லை. நிறுவனத்தில் 'மக்களிடம் அறிவியல்' என்று ஒரு திட்டம் தூங்கிக்கொண்டிருந்தது. அதை எழுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை தாராவிக்கு வருவது என்று முடிவாயிற்று. எழுதிக் கொடுத்த வாசகத்தை விட்டுவிட்டு, "தொற்றாது" என்றே சொல்லப்போகிறேன் என்று பஞ்சாபகேசன் ஸ்ரீலேகாவிடம் ரகசியமாகச் சொன்னார். ரிட்டயராவதற்குள் ஒரு துணிச்சலான காரியம் செய்ய அவருக்கும் ஆசை இருந்திருக்கிறது.

அந்த வாரம் கணேசபாண்டியன் சந்தோஷமாக இருந்தான். தான் குடியிருந்த ஒற்றை அறைக் கோலிக்கு வெள்ளையடித்தான். சந்து முழுக்கத் தன் கையாலேயே கூட்டினான். அப்துல் ஹாதியிடம் போய், "சேட், ஞாயித்துக்கிழம நம்ம ஆளுங்க எல்லாரும் வரணும். பெரிய டாக்டரு வாரார்" என்றான்.

"வர்றோம் கணேசா. டாக்டர் வாயால சொல்லிட்டா, திங்கக்கிழம நீ கீழ உக்காந்து சாப்பிடு. உன்ன மேல பாத்தா எனக்கும் சோறு எறங்க மாட்டேங்குது, அல்லா அறிய" என்றார் அப்துல் ஹாதி.

ஞாயிற்றுக்கிழமை சந்து நிறைந்துவிட்டது. காரகானா ஆட்கள் குளித்து வந்திருந்தார்கள். கோமதியம்மாள் பட்டுச் சேலையில் வந்து, போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். இசக்கிசெல்வி பூ வைத்துக்கொண்டு வந்து அம்மாவுக்குப் பின்னால் நின்றாள். கணேசபாண்டியன் சந்து முனையைப் பார்த்தபடி கோலி வாசலில் நின்றான்.

அதற்கு முந்தின நாள் என்ன நடந்தது என்பது இவர்கள் யாருக்கும் தெரியாது. மாதவ் ஒரு நல்ல எண்ணத்தில் விதிப் புத்தகத்தைப் புரட்டியிருக்கிறார். எதிர்ப்புச் சக்தி குறைந்த ஒருவரின் அருகே போகிறோம். நம்மிடமிருந்து அவருக்குக் கிருமி போய்விட்டால் நாளைக்கு யார் பதில் சொல்வது? அவரது நலன் கருதி எல்லோரும் முழுக் கவசத்தில்தான் போக வேண்டும் என்று உத்தரவிட்டார். எண்ணத்தில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

வேன் வந்து நின்றது. அதிலிருந்து தலை முதல் கால்வரை வெள்ளை உடையில், கண்ணுக்குக் கண்ணாடி, வாய்க்கு முகமூடி, கைக்கு இரட்டை உறையோடு எட்டுப் பேர் இறங்கினார்கள். முன்னால் ஒருவர் மருந்து தெளித்துக்கொண்டே வந்தார்.

கொரோனா காலத்தில் அந்தச் சந்து இந்த உடையைப் பார்த்திருக்கிறது. எந்த வீட்டு வாசலில் அந்த வெள்ளை உடை நின்றதோ அந்த வீட்டு ஆளை ஏற்றிக்கொண்டு போனார்கள். சிலர் திரும்பி வரவில்லை. முதல் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அப்புறம் வரிசையாகச் சாத்தினார்கள்.

கணேசபாண்டியனுக்கும் தனக்கும் நடுவே நல்ல இடைவெளி விட்டு நின்றுகொண்டு, டைரக்டர் கை மைக்கை முகமூடி மேல் வைத்தார். "யாரும் பயப்பட வேண்டாம்!" என்று ஆரம்பித்தார். இன்னும் இரண்டு கதவைச் சாத்தினார்கள். "இது தொற்றாது! நான் பொறுப்பேற்றுச் சொல்கிறேன், தொற்றாது! தொற்றவே தொற்றாது!" குழுவின் அனுமதி இல்லாத சொல்லை மூன்று தடவை சொன்ன துணிச்சலில் அவர் கண்ணாடிக்குள் வேர்த்துப்போனது. ஆவி படிந்ததில், எதிரே இருந்த கூட்டம் கலைந்துகொண்டிருந்தது அவருக்குத் தெரியவில்லை.

அப்துல் ஹாதி தன் ஆட்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். கோமதியம்மாள் நாற்காலியை விட்டு எழுந்தாள். அவளுக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. மகள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். இசக்கிசெல்வி முனை திரும்பும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

வெள்ளை உடைகளில் ஒன்று கணேசபாண்டியனை நோக்கி ஓரடி வைத்தது. உள்ளே ஸ்ரீலேகாவாகத்தான் இருக்க வேண்டும். மாதவ் கையை நீட்டித் தடுத்தார். அவன் இரண்டடி முன்னே வந்து, டைரக்டர் பக்கம் கையை நீட்டப்போனவன், அப்படியே நின்றுவிட்டான். காலி நாற்காலிகளோடு சேர்த்து ஒரு குழுப் படம் எடுத்துக்கொண்டு அவர்கள் கிளம்பினார்கள். போகும்போது அவன் நின்ற இடத்திலும் கொஞ்சம் மருந்து தெளித்தார்கள்.

நிறுவனத்தின் வலைத்தளத்தில் அந்த வாரமே செய்தி வந்தது. நிகழ்ச்சி மாபெரும் வெற்றி என்றும், நிறுவனத்தைச் சேர்ந்த ஒருவருக்குக்கூடத் தொற்று ஏற்படவில்லை என்றும் மாதவ் எழுதியிருந்தார். காரகானாவில் அப்துல் ஹாதி கண்ணில் நீரோடு, "கொஞ்ச நாள் வீட்லயே வெச்சுத் தை கணேசா. மெஷின நானே அனுப்பறேன்" என்றார். மெஷினைக் கொண்டுவந்தவர்கள் சந்து முனையிலேயே இறக்கிவிட்டுப் போனார்கள். அதை அவன் ஒற்றை ஆளாக இழுத்து இழுத்து வாசலுக்குக் கொண்டுவந்தான். வழியில் ஒரு கதவும் திறக்கவில்லை. அன்றைக்கு அவன் உட்கார்ந்து அழுதான்.

ஒருநாள் மத்தியானம் இசக்கிசெல்வி போன் செய்தாள்.

"அந்த டாக்டரு சொன்னத நான் கேட்டேன். அம்மையும் கேட்டுச்சு. தொத்தாதுன்னு அவரு தெளிவாத்தான் சொன்னாரு."

"பெறகு என்ன?"

"ஒங்க பக்கத்துல ஒருத்தரும் வரலையே. அம்புட்டுப் பேருல ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு, ஒங்க தோள்ல கைய வச்சிருந்தா போதும். அவிய பேசவே வேண்டாம். அம்ம அன்னைக்கே நாள் குறிச்சிருப்பா. அவிய வரலைன்னா என்ன, நீங்க போயி அந்தப் பெரியவரு கையப் பிடிச்சிருக்கலாம்லா? ஏன் பாதியில நின்னுட்டீய?"

"பிடிக்கத்தான் போனேன்" என்றான் கணேசபாண்டியன். "அவருக்கு ஏதும் ஆயிரக் கூடாதுன்னு நின்னுட்டேன்."

"அப்பம் ஒங்களுக்கே நம்பிக்கை இல்ல" என்றாள் இசக்கிசெல்வி.

அவன் வாயைத் திறந்தான். ஊரெல்லாம் அலைந்து யார் யார் வாயாலோ வரவழைக்கப் பார்த்த வார்த்தையைத் தான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இருமல் வந்தது. பழக்கத்தில் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு இருமி முடித்து, மறுபடியும் காதில் வைத்து, "தொத்தாது செல்வி" என்றான். அவள் எப்போதோ வைத்துவிட்டிருந்தாள்.